சண்டை போடாமல் வந்தவர்கள்

போன வாரம், என்னிடம் ஜூனியராக இருந்த உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "மேடம், இன்னிக்கு ஒரு மியூச்சுவல் டைவர்ஸ் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்தாங்க, சிரிச்சுப் பேசிட்டுப் போனாங்க. சண்டையே இல்ல மேடம், ஈஸி கேஸ்" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குப் பழைய கேஸ் ஒன்று ஞாபகம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே அம்மா. ஆனால் "நல்லது" என்று ஒப்புக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள்.

ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ் இருந்தது. முப்பது வருஷம் குடும்ப வழக்குகள்தான் நடத்தினேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்கள், செருப்பைக் கழற்றியவர்கள், என் மேஜைக் கண்ணாடியை உடைத்தவர்கள் எல்லாரும் அந்த மாடிப்படி ஏறி வந்தவர்கள்தான். அவர்கள் கேஸ்களில் நான் பெரிதாக ஏமாந்ததில்லை. எதிராளி எதை ஒளிக்கிறான் என்று மோப்பம் பிடித்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, கடைசிப் பித்தளைக் குடம் வரை எழுதி வாங்கிவிடுவேன். நான் கோட்டை விட்டது, சண்டையே போடாமல் வந்த இரண்டு பேர் கேஸில்.

இரண்டாயிரம் பிறக்க ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. இருவரும் ஒரே டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார்கள். சேகர் எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். கலா காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் நாள் கூலி. கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு குழந்தை பிறந்து எட்டு மாதத்தில் போய்விட்டது.

"இன்னா பிரச்சன உங்களுக்குள்ள?" என்று கேட்டேன். நானும் ராயபுரத்துக்காரிதான். கோர்ட்டில்தான் எனக்கு வேறு தமிழ்.

"பிரச்சனன்னு ஒண்ணுமில்ல மேடம்" என்றான் சேகர். "அவளப் பாத்தா எனக்குக் கொயந்த நெனப்பு வருது. என்னப் பாத்தா அவளுக்கு வருது. மூஞ்சி குட்த்துப் பேசியே ஒரு வருசம் ஆவுது. எத்தினி நாளு ஒரே வூட்ல மூஞ்சத் திருப்பிக்கினு கீறது?"

"அவரு மேல தப்பு இல்ல மேடம், என் மேலயும் இல்ல" என்றாள் கலா. "சண்ட வர்றதுக்கு மின்ன பிரிஞ்சிக்கலாம்னு பாக்குறோம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீலு போதுமில்ல?" என்று சேகர் கேட்டான். "ரெண்டு ஃபீஸுன்னா கட்டுப்படியாவாது."

அந்த வாரம்தான் நான் மூன்று கொடூரமான கேஸ்களில் மாட்டி, ரத்தக் கொதிப்பு ஏறி, டாக்டரிடம் திட்டு வாங்கியிருந்தேன். இவர்களைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று உருகிப்போய், பாதி ஃபீஸ் கொடுத்தால் போதும் என்றேன். என் முதல் தப்பு அதுதான். ஃபீஸைக் குறைத்ததல்ல, உருகியது. உருகிப்போனவள் கேள்வி கேட்க மாட்டாள்.

அமைதியாகப் பிரிந்தால் செலவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வடசென்னையில் வந்து பிரிந்து பாருங்கள். ஒரு சம்பளமும் ஒரு கூலியும் சேர்ந்து ஒரே வீட்டை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது இரண்டு வீடு. கலாவுக்குக் காலடிப்பேட்டையில் ஒரு அறை பார்த்தார்கள். வாடகை போக, பத்து மாத அட்வான்ஸ் முன்னாலேயே வைக்க வேண்டும். சேகர் ஃபேக்டரி சொசைட்டியில் கடன் போட்டு அதைக் கட்டினான். கேஸ் அடுப்பு ஒன்றுதான், இவள் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினாள். ரேஷன் கார்டில் இருந்து பெயர் நீக்க மூன்று தரம் லீவு போட்டு அலைந்தார்கள். மூன்றாம் தரமும் "நாளைக்கு வா" என்றதும், போனால் போகிறது, பெயர் அதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தீர்ப்பு ஆகும் வரைக்கும் சேகரின் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டையில்தான் கலாவுக்கு மருந்து. நாள் முழுக்க ஐஸில் நின்று அவளுக்கு இழுப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாத்திரையும் அவள் கைக்காசு. கோர்ட்டில் ஒரு வாய்தா என்றால் அவனுக்கு ஒரு நாள் சம்பளம், இவளுக்கு ஒரு நாள் கூலி. கடைசியாகச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், இந்தக் கதையில் விஷம் அங்கேதான் இருக்கிறது.

கலாவுக்குப் பதினொரு சவரன் போட்டிருந்தார்கள். காத்திவாக்கத்தில் கட்டுமரம் வைத்திருந்த அவள் அப்பா, இறால் நன்றாகக் கிடைத்த வருஷங்களில் ஒன்றொன்றாகச் சேர்த்தது. அது எங்கே என்று கேட்டேன். அந்த அளவுக்காவது கேட்டேன்.

"பூரா வூட்லதான் கீது மேடம்" என்றான் சேகர். திருவொற்றியூரில் அவன் அம்மா பெயரில் இருந்த ஷீட் போட்ட வீட்டுக்குத் தளம் போட்டபோது எல்லாம் விற்றாயிற்று. "நான் மறக்க மாட்டேன். இப்போ கையில ஒண்ணுமில்ல. ஆனா கம்பெனில என் பி.எஃப்.க்கு, கிராஜுட்டிக்கு எல்லாத்துக்கும் நாமினியா கலா பேருதான் குட்த்துக்கீறேன். அத்த மாத்த மாட்டேன். ரிட்டயராவும்போது நானே எண்ணிக் குட்த்துருவேன். நடுவுல எனக்கு எதுனா ஆயிட்ச்சுன்னா, அதுவா அவ கைக்குப் போயிடும். கம்பெனில பேரு கீதே, வேற இன்னா வோணும்?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டிய வாரமே மாப்பிள்ளை ஃபேக்டரியில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸுக்குப் போய்ப் பெண்டாட்டி பெயரைச் சேர்த்துவிட்டு வந்து, மாமியார் வீட்டில் சொல்ல வேண்டும். "பேரு ஏத்தியாச்சா?" என்று பெண்ணின் அப்பா கேட்பார். ஏத்தியாச்சு என்றால்தான் அவருக்கு மூச்சு வரும். பட்டா, உயில், பேங்க் எதையும் நம்பாதவர்கள், கம்பெனியில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது என்று நம்புவார்கள். சேகர் நம்பினான். கலா நம்பினாள். அவர்கள் நம்பலாம். சட்டம் படித்தவள் நான்.

விவாகரத்து ஆன நிமிஷமே அவள் அவன் குடும்பத்தில் இல்லை. அவன் அம்மா உயிரோடு, அவன் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள். குடும்பத்தில் ஆள் இருக்கும்போது வெளியாள் பெயரில் இருக்கும் நாமினி நியமனம் செல்லாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் பளிச்சென்று எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்ல மனசுப்பா உனக்கு" என்றேன்.

"இத்த எழுதி வெச்சிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலாதான் வேண்டாம் என்றாள். "எழுதினா அவர நம்பலன்னு ஆயிடும் மேடம்." நான் அதோடு விட்டேன். நகைக்கு ஈடாக இவ்வளவு தொகை, மாதம் இவ்வளவு என்று ஒரு பத்தி எழுதி நீட்டியிருந்தால் சேகர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பான். அவனிடம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவு நல்லவனாக இருந்தான்.

மனு டைப் ஆனது. முதல் எட்டுப் பத்தி அவர்கள் கதை. ஒன்பதாவது பத்தி எல்லா மியூச்சுவல் மனுவிலும் வருவது. டைப்பிஸ்ட் அம்மாவிடம் "ஒன்பது, வழக்கமானது" என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவார். மனு இங்கிலீஷில் இருந்தது. ஒன்பதாவது பத்தியில் என்ன இருக்கிறது என்று கலா கேட்டாள். "எல்லாருக்கும் எழுதறதுதான்மா, கையெழுத்துப் போடு" என்றேன்.

ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஆறு மாதமும் சேகர் ஈ.எஸ்.ஐ.யில் வாங்கிய மாத்திரையைக் காலடிப்பேட்டை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவான், உள்ளே நுழைய மாட்டான். இதைக் கலாவே என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது தரம் நீதிபதி முன்னால் நிற்பதற்கு முன், வராந்தாவில் வைத்து இரண்டு பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "உங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல் உண்டான்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. நகை, கம்பெனின்னு எதையாவது இழுத்தா இன்னொரு வாய்தா போட்டுடுவாங்க. மறுபடி ரெண்டு பேருக்கும் லீவு." நான் அவர்கள் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் சம்பளமும் ஒரு நாள் கூலியும்.

நீதிபதி கேட்டார். நிதானமாக, முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கலா ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றாள்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு சேகர் எங்கள் மூன்று பேருக்கும் பாரிமுனையில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். கலாவை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "பத்ரமா போ, மாத்திர போட்டுக்கோ" என்றான். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. எவ்வளவு அழகாக ஒரு கேஸை முடித்துக் கொடுத்தோம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்கு வருஷம் கழித்து கலா தனியாக மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு போயிட்டாரு மேடம். எக்ஸ்பிரஸ் ரோட்ல, கண்டெய்னர் லாரி. ஷிப்டு முட்ச்சிக்கினு வந்துகினு இருந்தாராம்."

 அவள் அழுது முடித்து வந்திருந்தாள். கவரில் இருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். காரியம் முடிந்ததும் அவளாகவே ஃபேக்டரிக்குப் போயிருக்கிறாள். டைம் ஆபீஸில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, "நீதாம்மா நாமினி, இத்த பூர்த்தி பண்ணி எட்த்தா" என்று கொடுத்து அனுப்பிவிட்டார். சேகர் விவாகரத்து ஆனதை அங்கே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயந்திருப்பான். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் மறைத்திருக்கிறான்.

படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். அதை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்து அவளிடம் சட்டத்தைச் சொன்னேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை. அவளுக்கு முதலில் புரியவில்லை. "அவரு மாத்தலயே மேடம்? எம் பேருதான கீது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.  புரிந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ரேஷன் கார்டுல நான் இன்னும் அவரு பொஞ்சாதிதான். கம்பெனிலயும் அப்டித்தான் கீது. அந்தத் தீர்ப்பு பேப்பரு உங்க பீரோலதான கீது மேடம்? நீங்க ஒண்ணும் சொல்லலன்னா... நான் பொஞ்சாதின்னே எழுதிரட்டா?"

எனக்கு ஆசை வந்தது. இதை மறைக்க மாட்டேன். பி.எஃப்., கிராஜுட்டி, அதோடு விதவைக்கு வரும் மாதப் பென்ஷன். ஐஸில் நின்று இழுத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அது வாழ்க்கை. பேனாவை எடுத்து நானே அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கலாம். என் அறையில் வேறு யாரும் இல்லை. 

முடியாது என்றேன். "அது மோசடிம்மா. மாட்டினா உன்ன உள்ள தள்ளிடுவாங்க." அவள் படிவத்தை மடித்துக் கவரில் போட்டாள். நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் பாருங்கள், எழுத வேண்டிய நாளில் சட்டத்தைத் தூங்க விட்டுவிட்டு, அவள் பொய் சொல்ல வந்த நாளில் மட்டும் எனக்கு அது ஞாபகம் வந்தது.

ஒரே வழிதான் இருந்தது. பணம் சட்டப்படி சேகரின் அம்மாவுக்குப் போகும். அந்த அம்மா மனசு வைத்தால் நகைக்கு உண்டானதைக் கலாவிடம் கொடுக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலாவை அழைத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன்.

அந்த அம்மா கலாவைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "எம் புள்ள சொல்லிக்கினே இருப்பான்டி, அவ நகைலதான் நம்ப தலைக்கி மேல தளம் நிக்குதுன்னு" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது உள்ளே இருந்து சேகரின் அண்ணன் வந்தான். தம்பி போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். குரலை உயர்த்தவில்லை. ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தான். என் மனுவின் நகல். இங்கிலீஷ் பக்கத்தோடு, யாரிடமோ தமிழில் எழுதி வாங்கிய ஒரு தாளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான்.

"மேடம், இது நீங்க எழுதினதுதான? ஒம்போதாவது படிக்கறேன், தப்புன்னா சொல்லுங்க" என்றான். பிறகு விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். "எங்களுக்குள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. மனைவியின் நகைகள், சீர்ப் பொருள்கள் அனைத்தும் மனைவியிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டுவிட்டன. எதிர்காலத்தில் ஒருவர் மீது ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டோம்."

நூற்றுக்கணக்கான மனுக்களில் நான் போட்ட பத்தி அது. தமிழில் அதைக் காதால் கேட்டது அன்றுதான். கலாவும் அன்றுதான் கேட்டாள். என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "நக எனக்கு எப்போ மேடம் குட்த்தாங்க?"

 அண்ணன் தாளை மடித்தான். "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீதுங்க மேடம். வக்கீலு எழுதி, ஜட்ஜு ஒத்துக்கினத நான் இன்னா பண்ண முடியும்?" என்றான். அவனைத் திட்டிவிடலாம் என்று பார்த்தேன், திட்ட இடமில்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியவன் சோற்றில் இருக்கப்போகிறவள் வேறு என்ன செய்வாள். "ஒரு வாய் காபி குட்ச்சிட்டுப் போடி" என்று மட்டும் கலாவிடம் சொன்னாள். கலா குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள், இன்னும் அந்த வீட்டு மருமகளாகவே.

என் கைக்காசில் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. வழக்குப் போடலாமா என்று இரண்டு மூத்த வக்கீல்களைக் கேட்டேன். ஒன்பதாவது பத்தியைப் படித்துவிட்டு இருவருமே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என் ஆபீஸில் சிரித்துக்கொண்டு சேர்ந்து வந்த ஜோடிகளைத்தான் நான் அதிகம் வறுத்தெடுத்தேன். தனித்தனியாக உட்கார வைத்து, அவன் நாளைக்கே செத்தால் உனக்கு என்ன, அவள் மறுகல்யாணம் செய்தால் உனக்கு என்ன என்று அபசகுனமாகக் கேட்பேன். பலர் முகம் சுளித்தார்கள், சிலர் வேறு வக்கீலிடம் போய்விட்டார்கள். போகட்டும். கையெழுத்துக்கு முன் மனு முழுவதையும் அவர்கள் தமிழில் உரக்கப் படித்துக் காட்டினேன். நீதிபதி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்னொரு வாய்தா ஆனால் ஆகட்டும்.

போன் செய்தவளே, உன் ஜோடி திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருவதாகச் சொன்னாய். வந்ததும் அவர்களுக்கு உன்மேல் கோபம் வரும்வரை கேள். ஏன் என்றால், அன்று திருவொற்றியூரில் நடந்ததில் இன்னும் கொஞ்சம் சொல்லப் பாக்கி இருக்கிறது.

அந்த வீட்டை விட்டு இறங்கி, நானும் கலாவும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு இழுப்பு வந்திருந்தது, பேச நேரமாயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"மேடம், நாங்க அட்ச்சிக்கினு, திட்டிக்கினு வந்திருந்தா, நீங்க எல்லாத்தயும் கேட்டு எயுதியிருப்பீங்க இல்ல?"

"ஆமாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ராயபுரம் வழியாகக் காசிமேட்டுக்குப் போகிற பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.